லாட் பதினேழு

முதலில் காந்தம்.
பட்டை ஓடும், பட்டைமேல் சாம்பல் ஓடும்,
ஆணி, கீல், சைக்கிள் செயின்,
கரண்டி போய்க் கரண்டியின் கழுத்து மட்டும்
துள்ளி மேலே ஒட்டிக்கொள்ளும்.
இரும்புக்குத் தயக்கம் கிடையாது.

அடுத்தது சுழலும் உருளை.
அலுமினியத்தைக் கண்டால் எட்டி உதைக்கும்.
மாத்திரை அட்டை, பெயிண்ட் டப்பா,
குக்கர் மூடியாய் இருந்த ஒரு குமிழி
தூரப் போய் விழும்.

செம்பையும் பித்தளையையும் கையால் பொறுக்க மூன்று பேர்:
செங்கேணி, சவரியம்மா, பாடலி.
நாணயம் கிடைத்தால் மட்டும்
பாடலி கையுறையைக் கழற்றிவிட்டு
கண்ணில் ஒற்றிக்கொள்வான்.
நெருப்புக்குப் போய் வந்த ஐந்து ரூபாயில்
ஐந்து இருக்கிறது, சிங்கங்கள் இல்லை.

தங்கம் எதிலும் ஒட்டாது, எதற்கும் துள்ளாது.
பொடியோடு பொடியாய்ப் படுத்துக் கிடக்கும்.
இந்த ஷெட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.
மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவது என் வேலை.
பதினைந்து நாளில் தாள் வரும்:
டன்னுக்குப் பூஜ்யம் புள்ளி நான்கு கிராம்.
அதாவது, முக்கால் டிராக்டர் சாம்பலுக்கு
மூன்றரைக் குன்றிமணி.

ஐப்பசியில் அவள் வந்தாள்.
பெரியநாயகி, புதுப்பாளையம்,
மெஸ்ஸில் இட்லி ஊற்றுகிறவள்.
பல்வலிக்குத் தாடையைப் படம் எடுக்கப் போனவளிடம்
தோட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
வலது கழன்றது. இடதின் திருகு கழலவில்லை,
முக்கால் மணி நேரம் சோப்பு நுரையோடு போராட்டம்.
அதற்குள் வலதை மடித்து வைத்த காகிதத்தை
யாரோ கூட்டி அள்ளிவிட்டார்கள்.
ஆஸ்பத்திரித் தொட்டி, நகராட்சி லாரி, தரம் பிரிக்கும் கொட்டகை,
ஒவ்வொரு இடமாய்க் கேட்டுக் கேட்டு
கடைசியாக எங்கள் கேட்.

காதைத் திருப்பிக் காட்டினாள்.
“இதோட ஜோடி. ஒரு கிராம்.
பார்த்தா உங்களுக்கே தெரியும்.”

ஆயிரம் டிகிரி என்று சொன்னேன்.
உருகியிருக்கும் என்றேன்.
தேதியைப் பார்த்தால் பதினேழாம் லாட்,
அதோ, தார்ப்பாய் போடாத குவியல்,
அறுபது டன்.

மழை தூறிக்கொண்டிருந்தது.
ஈரம் பட்டால் சாம்பலுக்குள் இருக்கும் அலுமினியம் நுரைக்கும்,
உலை வைத்ததுபோல் மெல்லக் கொதிக்கும் சத்தம்.
அவள் குனிந்து கேட்டாள்.
“அப்போ எங்கேயும் போகலை.
இதுக்குள்ளதான் இருக்கு.”
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு, ஓ.டி. போக எந்த பஸ் என்று கேட்டாள்.

அந்த லாட்டுக்கு மாதிரியை
மற்ற நாள் போல எடுக்கவில்லை.
எட்டு இடத்துக்குப் பதில் இருபது இடம்.
தாளில் எண் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று
ஒரு முட்டாள் நினைப்பு.

வந்தது. பூஜ்யம் புள்ளி நான்கு.

அறுபதை நான்கால் பெருக்கிப் புள்ளியை நகர்த்தினேன்.
இருபத்துநாலு கிராம்.
இருபத்துநாலு ஒற்றைத் தோடு.
இருபத்துமூன்று பேர் கேட்டு வரவில்லை.

“செல்போன் பலகையில பூசுறது சார் அதெல்லாம்” என்றார் இன்ஜினியர்.
இருக்கலாம்.
பட்டுச்சேலைச் சரிகையாகவும் இருக்கலாம்,
யாரோ துப்பிய பல்லாகவும்.
தாள் அதையெல்லாம் சொல்வதில்லை.

பதினேழு போன வாரம் லாரி ஏறிவிட்டது.
கிலோ இவ்வளவு என்று ஒரே விலை.
இன்று பதினெட்டைக் கிளறச் சொல்லி உத்தரவு.
மண்வெட்டியை ஓங்கியவன்
ஒரு சாண் தள்ளி இறக்கினேன்.

“ஏன்ணே?” என்றான் பாடலி.